கிளாண்டில் சொட்டிய தண்ணீர்

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அம்பத்தூரில் ஒரு ஓலை ஷெட், ஒரு பழைய லேத். இதுதான் என் ஆரம்பம். மழையில் மோட்டார் நனையாமலிருக்க என் சட்டையைக் கழற்றிப் போர்த்தியிருக்கிறேன். இன்றைக்குப் பதினோரு மெஷின் ஓடுகிறது. கொரட்டூரில் மாடி வீடு. படித்த இன்ஜினியர்கள் மூன்று பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். வெண்கலக் கலவையான கன்மெட்டலில் நான் கடைந்த புஷ் ஜெர்மனிப் படகுகளில் ஓடுகிறது. ஒருத்தரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை.

1. புகார்

போன வருஷம் அந்த ஜெர்மன் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. என் புஷ் சூடாகி ஷாஃப்டைப் பிடித்துக்கொள்கிறதாம்.

படகைத் தள்ளும் விசிறியின் ஷாஃப்ட், படகின் பின்பக்கம் வழியாகத் தண்ணீருக்குள் போகும். அதைத் தாங்குவது புஷ். அந்த வழியில் தண்ணீர் உள்ளே வராமலிருக்க, கயிறு மாதிரி பேக்கிங் சுற்றி நட்டு போட்டு இறுக்குவார்கள். அது கிளாண்டு.

இங்கே மெட்டீரியலைச் சோதித்தோம். குறை இல்லை. நேரிலேயே போனேன். எக்ஸ்போர்ட் பார்க்கும் என் மகள் ரேவதி பாஷைக்காகக் கூட வந்தாள். கம்பெனி முதலாளி கிளாஸ், என் புது புஷ்ஷைத் தன் சொந்தப் படகில் மாட்டி வைத்திருந்தார்.

“நைனா, காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இதுலயே போலாம்ன்றாரு. சூடாவலன்னா ஆர்டர் நமக்கு. ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துப்பாராம்.”

“எட்த்துகினு கெளம்பச் சொல்லு.”

தைரியமாகச் சொல்லிவிட்டேன். ஷெட்டில் பாதி மெஷின் அந்த ஆர்டரில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

2. ஏரி, ஆறு, கால்வாய்

முதலில் ஒரு ஏரி. செம்பரம்பாக்கம் அளவு இருக்கும். மேலே பனி படுத்திருந்தது. படகு நகர்வதே தெரியவில்லை. கரையிலிருந்த மரங்கள்தான் மெதுவாகப் பின்னால் போயின. ஒரு வெள்ளை அன்னம் எங்களைப் பார்த்துவிட்டு அவசரமில்லாமல் ஒதுங்கியது. ஏரி எங்கே முடிந்தது, ஆறு எங்கே தொடங்கியது என்று எனக்குப் புரியவில்லை. தண்ணீரில் வானம் இருந்தது. வானத்தின் மேல் நாங்கள் போனோம். அறுபத்தாறு வயதுவரை மெஷின் சத்தத்திலேயே இருந்தவனுக்கு அந்த அமைதி தாலாட்டு மாதிரி. கண் சொருகியது.

ஷெட்டில் நிற்கிறேன். கிரீஸ் கருகும் வாசனை. யாரோ மெஷினைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள், திட்டலாம் என்று வாயைத் திறக்கிறேன். முழிப்பு வந்துவிட்டது. சுற்றிலும் ஆறு. வாசனை மட்டும் போகவில்லை.

பின்பக்கப் பலகையைத் தூக்கிக் கிளாண்டில் புறங்கையை வைத்தேன். சுட்டது. கிளாண்டுக்குக் கீழே தரை பவுடர் போட்டது மாதிரி காய்ந்திருந்தது.

“சொட்டுத் தண்ணி உள்ள வராத மாதிரி அவரே டைட் வெச்சாராம், நைனா. பெருமையா சொல்றாரு.”

“அதாம்மா வெந்து கீது! தண்ணி சொட்டுனாத்தான் ஷாஃப்ட் குளுரும். லூஸ் பண்ணணும்னு சொல்லு.”

ரேவதி சொன்னாள். கிளாஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“போட்டுக்குள்ள தண்ணி வுடறதா, மூணு பேரும் முழுவறதுக்கான்னு கேக்கறாரு.”

“ஏரிக்கரைல பொறந்தவன் முழுவ மாட்டான்னு சொல்லு.”

அவள் சிரித்துவிட்டாள். அதைப் பார்த்து அவரும் சிரித்தார். ஆனால் ஸ்பேனரைக் கொடுக்கவில்லை.

3. லாக்

அடுத்தது லாக். முன்னும் பின்னும் கதவு போட்ட பெரிய தொட்டி. படகு உள்ளே போனதும் கதவை மூடித் தண்ணீர் ஏற்றுவார்கள். மேலே இருக்கும் கால்வாய் மட்டத்துக்குப் படகு எழும்பும். கிளாஸ் இன்ஜினை நிறுத்தினார். நான் கையை நீட்டியபடியே நின்றேன். கடைசியில் ஸ்பேனர் வந்தது.

சூடு அடங்கட்டும் என்று காத்திருந்தேன். பாசி படிந்த சுவர் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. வெயில் முதலில் என் தலையில் பட்டது, பிறகு தோளில். இரண்டு நட்டையும் ஒரே அளவாக, கொஞ்சமே கொஞ்சம் தளர்த்தினேன்.

கதவு திறந்தது. இன்ஜின் ஓடியது. ஒரு சொட்டு விழுந்தது. ஏழு எண்ணினேன். அடுத்த சொட்டு.

அதற்குப் பிறகு கால்வாய். இரண்டு பக்கமும் மரங்கள் குனிந்து பச்சைக் குகை மாதிரி இருந்தது. நான் எதையும் பார்க்கவில்லை, சொட்டைக் கேட்டுக்கொண்டே போனேன். சாயங்காலம் இன்னொரு ஏரியில், தண்ணீர் செம்பு நிறமாக மாறியபோது, கிளாஸ் தானே வந்து கிளாண்டில் புறங்கையை வைத்தார். மண்பானை மாதிரி ஜில்லென்று இருந்தது. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“இத்த ஏன் மொதல்லயே எழுதி அனுப்பலன்றாரு, நைனா.”

அது என் தப்புதான். நம் ஊர்ப் பம்புகளில் கிளாண்டு சொட்டுவதைத் தினமும் பார்க்கிறோம். இதை ஒருத்தருக்குச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நமக்குச் சாதாரணமாகத் தெரிந்ததைத்தான் முதலில் எழுதி அனுப்பவேண்டும். இந்தச் சிறப்பு மலரைப் படிக்கும் இளைய தொழில்காரர்கள் இதைப் பிடித்துக்கொள்ளட்டும்.

ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. இப்போது அவர்கள் புதுக் கையேடு போட்டிருக்கிறார்கள். கிளாண்டு சொட்டவேண்டும் என்று படத்தோடு ஒரு பக்கம். ‘எங்கள் கம்பெனி இன்ஜினியர்கள் கண்டறிந்தது’ என்று கீழே அவர்கள் போட்டிருப்பதாக ரேவதி படித்துக் காட்டினாள்.

கிளாஸுக்கு மெயில் போட்டாயிற்று, இங்கேயும் எழுதுகிறேன். அடுத்த பதிப்பில் அந்த வரியை எடுங்கள். என் பெயரைப் போடுங்கள், பக்கத்தில் அம்பத்தூர் என்றும் போடுங்கள். படகு உங்களுடையது, ஏரியும் ஆறும் உங்களுடையது. அந்தச் சொட்டு என்னுடையது.