உலையில் என் பங்கு

போன வருடம் நான் சண்டை போடாத ஆள் பாக்கி இல்லை. ரத்தம் எடுக்கிறவரோடு சண்டை, டாக்டரோடு சண்டை, வாசலுக்குக் கீரை கொண்டுவருகிற அம்மாவோடு சண்டை, ஏரலில் கட்டிக்கொடுத்திருக்கும் மகளோடு போனில் சண்டை. ஒவ்வொன்றிலும் நியாயம் என் பக்கம்தான் இருந்தது. இன்றைக்கும் அந்தக் கோபம் தணியவில்லை. யார் மேல் என்பதுதான் மாறியிருக்கிறது.

முதலில் என் சர்க்கரையைச் சொல்லிவிடுகிறேன். கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையின் எடைமேடையில் எனக்கு வேலை. லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, வெளியே போகும்போது ஒரு எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தில் இந்த ஒரே ஒரு கழித்தலைச் செய்வதற்கு, வயலில் இறங்கி உழுகிறவனுக்கு வேண்டிய சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். சாப்பாட்டுத் தூக்கின் நான்கு அடுக்கில் மூன்றில் சோறு, நான்காவதில் குழம்பு. காய் என்பது குழம்பில் தற்செயலாக அகப்பட்டால் உண்டு.

பாளையங்கோட்டை டாக்டர் என் சீட்டின் பின்பக்கம் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். பாதியைக் கோடு கிழித்து, இதில் காயும் கீரையும் என்றார். மிச்சத்தை இரண்டாக்கி, ஒன்றில் பருப்பு, மீன், முட்டை என்றார். கடைசியில் ஒரு மூலை மிஞ்சியது. அதுதான் சோறாம். எங்கள் ஊரில் அது துவையல் வைக்கிற இடம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கால்விரல்களைப் பற்றி ஏதோ சொன்னார். நானும் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்தச் சீட்டை அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டினேன். பசை இல்லை, நாலு பருக்கையை நசுக்கித் தடவி ஒட்டினேன். சோற்றுக்கு நான் கொடுத்த கடைசி மரியாதை அது.

அப்புறம் நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் கூசுகிறது. கொத்தவரங்காய், வாழைத்தண்டு, முருங்கைக்கீரை, பாசிப்பயறு, மத்தி மீன் என்று தூக்கு நிறைந்தது. டீக்கடையில் சீனி போடாத டீயைக் கையில் வைத்துக்கொண்டு, வடை தின்கிறவர்களை ஒருவர் விடாமல் திருத்தப் பார்த்தேன். ஒரு லாரி டிரைவர் என் தூக்கை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஆட்டுக்குப் போடுததையெல்லாம் நீங்க திங்கிய. ஆடு பாவம் எங்கன போகும்?" என்று கேட்டார். அவர் லாரியை வேண்டுமென்றே கால்மணி நேரம் வரிசையில் நிற்க வைத்தேன். கீரை தின்றால் குணம் சாந்தமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆறு மாதத்தில் என் சர்க்கரை இறங்கிவிட்டது. இடுப்பு பெல்ட்டில் ஆணி வைத்து இரண்டு புது ஓட்டை போட்டேன். தெருவில் நாலு பேர் என்னிடம் வந்து யோசனை கேட்டார்கள். கேட்காத நாற்பது பேருக்கும் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவியின் பீடிகள் திரும்பி வர ஆரம்பித்தன. எங்கள் வீடு மேலப்பாளையத்துக்கு இந்தப் பக்கம், ஆற்றை ஒட்டி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவள் பீடி சுற்றுகிறாள். பீடி இலையும் தூளும் பரப்பிய சுளகை மடியில் வைத்துக்கொண்டு, தெருவில் போகிற வருகிறவர்களோடு பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமல் சுற்றுவாள். அப்படிப்பட்டவள் சுற்றியதைப் பீடிக் கடையில் கழித்துப் போட்டார்கள். இலையில் ஓட்டை இருந்தது அவளுக்குத் தெரியவில்லை. நூலின் நுனி எங்கே என்று விரலால் தடவிக்கொண்டிருந்தாள். கண் ஆஸ்பத்திரியில் காட்டினோம், இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். இடது கண்ணுக்கு முதலில் ஆபரேஷன் செய்ய நாளும் குறித்துக் கொடுத்தார்கள்.

அந்த நாளில் போனோம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளுக்கும் சர்க்கரை உண்டு, ஏற்கெனவே மாத்திரை போடுகிறவள்தான்; அது இப்போது முந்நூறைத் தொட்டிருந்தது. அது இறங்காமல் கண்ணில் கத்தி வைக்க மாட்டோம், ஒன்றரை மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள். அதற்குள் மாத்திரையும் சாப்பாடும் ஒழுங்காக இருக்க வேண்டும், தள்ளிப்போடப் போட புரை முற்றும் என்றும் சொன்னார்கள். ஆட்டோவில் திரும்பி வந்தோம். இறங்கும்போது அவள் படி எது, தரை எது என்று காலால் துழாவினாள்.

எனக்கு வந்ததே கோபம். ஒரே அடுப்பு. ஒரே எண்ணெய். ஒரே கீரை. என்னுடையது இறங்குகிறது, அவளுடையது ஏறுகிறதாம். இது என்ன நியாயம்?

நேரே ரத்தம் எடுக்கிற கடைக்குப் போய், இரண்டு பேர் ரத்தத்தையும் மாற்றிவிட்டீர்கள் என்றேன். அவர் பொறுமையாக மறுபடியும் எடுத்தார். மறுபடியும் அதே அளவு. அடுத்ததாகப் பாளையங்கோட்டை டாக்டர். உங்கள் வட்டம் ஆம்பளைகளுக்கு மட்டும்தான் வேலை செய்யுமா என்று கேட்டேன். அவர் மாத்திரையைக் கூட்டி எழுதிவிட்டு அவள் பக்கம் திரும்பி, என்னம்மா சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "நான் திங்கதைத்தான் திங்கா, டாக்டர்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். புரை விழுந்த கண், அதனால் அந்தப் பார்வைக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

டாக்டரும் சரி, மாத்திரையும் சரி என்றால் தப்பு எங்கே? இனிப்பை ஒளித்து வைத்துத் தின்கிறாள் என்று முடிவு கட்டினேன். இந்த ஊரில் அல்வா வாங்குவதற்கு வடக்கே தெற்கே அலைய வேண்டாம், மூக்கு போகிற பக்கம் போனால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் இலை வாங்கப் போயிருந்தபோது அடுக்களையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தேன். மிளகு டப்பாவுக்குள் தலையை விட்டுத் தும்மி, கடுகைக் கொட்டி, கொட்டியதைப் பொறுக்கிக்கொண்டிருக்கையில் அவள் வந்துவிட்டாள். எதைத் தேடுகிறேன் என்று கேட்டாள். நானும் சொல்லித் தொலைத்தேன். வாயைக் கட்டினால்தான் கண் கிடைக்கும் என்று ஒரு சொற்பொழிவே நடத்தினேன்.

அவள் கீழே கிடந்த கடுகைத் தாண்டினாள். இலையைத் தண்ணீரில் நனைக்கப் போய்விட்டாள். ஆனால் சேதி ஏரலுக்குப் போய்விட்டது. மகள் போனில் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மா உங்களுக்குத் தெரியாம ஒரு கல்கண்டு கூட வாயில போட மாட்டா. டப்பாவைத் தேடுத நேரத்துக்கு அவ தட்டைத் தேடியிருக்கலாம்லா?" என்றாள். எதிர்த்துப் பேசுகிறாள், புகுந்த வீட்டுப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டு நான்தான் போனை வைத்தேன்.

இரண்டு வாரம் போயிற்று. ஒரு நாள் தொழிற்சாலையில் மின்சார வேலை, எடைமேடை ஓடாது என்று ஒன்பதரைக்கே எங்களை அனுப்பிவிட்டார்கள். வீட்டு வாசலை மிதிக்கையில் மணி பதினொன்று இருக்கும்.

கதவு திறந்துதான் கிடந்தது. அவள் சுளகைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. ஒரு சட்டி நிறையப் பழைய சோறு, மோர் விட்டுப் பிசைந்தது. பக்கத்தில் இரண்டு உள்ளி வெங்காயமும் ஒரு மிளகாய் வற்றலும். அவ்வளவுதான். காய் இல்லை, கீரை இல்லை, பயறு இல்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவன் நான். ராத்திரி நான் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் அவள் தட்டை எடுப்பாள். விசேஷ வீட்டுப் பந்தியைத் தவிர்த்துவிட்டால் அவள் சாப்பிட்டு நான் பார்த்தது எத்தனை தடவை என்று அங்கேயே நின்று யோசித்தேன். ஒரு கை விரல்களே கூடுதலாக இருந்தன.

"என்ன சோறுட்டி இது, இவ்வளவு?"

"உங்க சோறு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் அடுத்த கவளத்தை வாயில் போட்டு மென்று முடித்துவிட்டுச் சொன்னாள். "நீங்க திங்காம விடுத சோறு. ஆரு திங்கதுக்கு இருக்கா? கீழயா கொட்ட முடியும்?"

பைய அங்கேயே உட்கார்ந்து விசாரித்தேன். முதல் தடவையாக நான் கேட்டேன், அவள் பேசினாள். எங்கள் வீட்டில் உலைக்கு இரண்டு உழக்கு அரிசி. கல்யாணம் ஆன நாளிலிருந்து அதே பித்தளை உழக்கு. ஒன்று எனக்கு, இன்னொன்று மற்றவர்களுக்கு. நான் சோற்றை மூலைக்குத் தள்ளிய அன்றைக்கும் இரண்டு உழக்குத்தான். அதற்கு மறுநாளும் இரண்டுதான். மத்தியானம் அவள் பங்கு, ராத்திரி என் பங்கில் மிஞ்சியதில் பாதி, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் பதினொரு மணிக்கு. ஆறு மாதத்துக்கு மேலாக என் சோற்றையும் சேர்த்து அவள் தின்றுகொண்டிருக்கிறாள். காயும் கீரையும் எங்கே போயின என்று கேட்டேன். என் தூக்கின் நான்கு அடுக்கையும் காட்டினாள். இரண்டு பேருக்கு வாங்குகிற காய்தான். என் பாதி வட்டம் நிறைவதற்கே அது சரியாகப் போயிற்றாம்.

நாள் முழுக்க உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று பார்க்கிறவன் நான். உலைக்குப் போன அரிசி அப்படியே இருக்க, என் தட்டில் மட்டும் சோறு குறைந்ததே, மிச்சம் எங்கே போயிற்று என்று ஒரு நாளாவது கழித்துப் பார்த்தேனா? லாரியாக இருந்திருந்தால் வாசலிலேயே மறித்திருப்பேன்.

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. தப்பைத் தூக்கி அவள் மேல் வைக்க ஒரு கடைசி முயற்சி செய்தேன். "ஒரு உழக்கைக் குறைச்சு உலை வைக்கத் தெரியாதா உனக்கு?"

அவள் விரலில் ஒட்டிய பருக்கையைச் சட்டியில் வழித்துப் போட்டாள்.

"ஆளு உசுரோட குத்துக்கல்லு மாதிரி இருக்கையில உலையில அவுக அரிசியைக் குறைப்பாகளா? கை வரமாட்டேங்கி. குறைக்கத நாளு வந்தா தானா குறையும்னு விட்டுட்டேன்."

நான் எழுந்து போய் முகத்தைக் கழுவினேன். வெயிலில் வந்ததால் என்று சொல்லிக்கொண்டேன்.

எனக்கு இன்றைக்கும் ஆறாதது இதுதான். அந்தச் சீட்டில் இருந்தது ஒரே ஒரு வட்டம். அடுப்புக்கு மேலே, அவள் முகத்துக்கு நேரே அதை ஒட்டிவைத்தவன் நான். அத்தனை மாதமும் அவள் என் வட்டத்தைப் பார்த்துப் பார்த்துச் சமைத்தாள். பக்கத்தில் இன்னொரு வட்டம் போட வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்றவில்லை, சரி, அன்றைக்கு அவர் பார்த்தது என் சர்க்கரையை. ஊருக்கெல்லாம் யோசனை சொன்ன எனக்குத் தோன்றவில்லையே. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இதே கதைதான் என்று அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வட்டம் ஆம்பளைகளுக்கு, சட்டி பொம்பளைகளுக்கு. மிஞ்சியதைத் தின்று தீர்ப்பது ஒரு வேலையாகவே அவர்கள் தலையில் விடிந்திருக்கிறது. அதற்கு ஞாயிற்றுக்கிழமை கூட லீவு கிடையாது.

மறுநாள் விடிகாலையில் உழக்கை நான் எடுத்தேன். என் அரிசியைக் குறைக்க அவளுக்குத்தானே கை வராது? என் கைக்கு என்ன கேடு? ஒரு உழக்கு அளந்து உலையில் போட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். பிறகு அரிசியைக் களைந்து போட்டேனா என்று கேட்டாள். இல்லை. அன்றைக்குக் கல்லோடுதான் சாப்பிட்டோம்.

காய் இரண்டு மடங்கு வாங்கினேன். ராத்திரி இரண்டு தட்டையும் ஒரே நேரத்தில் வைத்து, எதிரெதிரே உட்கார்ந்தோம். முதல் வாரம் அவளுக்கு அது பெரிய அவஸ்தை. நடுவில் எழுந்து எனக்குப் பரிமாறப் போவாள், நான் உட்காரச் சொல்வேன், உட்கார்ந்தால் சாப்பாடு இறங்கவில்லை என்பாள். பக்கத்து வீட்டு மைனி எட்டிப் பார்த்து, புது மாப்பிள்ளை பொண்ணு என்று கேலி செய்துவிட்டுப் போனாள். காலையில் நான் பஸ் ஏறுவதற்கு முன்னால் அவளுடைய பதினொரு மணிக்கு அவித்த பயறும் கீரையும் எடுத்து மூடிவைத்தேன். கீரை ஆய்வதும் கழுவுவதும் என் பொறுப்பு. அவளுக்குத்தான் கண் தெரியவில்லையே.

குறித்த நாளில் போனோம். விரலில் குத்திப் பார்த்த நர்ஸம்மா அளவைச் சொல்லாமல் உள்ளே போனார். சண்டை போட அங்கே ஆளும் இல்லை, காரணமும் இல்லை. திரும்பி வந்து, அம்மாவை உள்ளே அனுப்புங்கள், நீங்கள் வெளியே உட்காருங்கள் என்றார்.

கட்டுப் பிரித்த அன்று, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சாப்பிட உட்கார்ந்தோம். தட்டில் பாதிக்கு முருங்கைக்கீரை வைத்தேன். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, புதுக் கண்ணால் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். விரலால் கிண்டி ஒரு குச்சியை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அப்புறம் ஒரு புழுவை. அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இத்தனை நாளும் இதையா கழுவினிய?"

கீரைக்காரம்மாவைக் கூப்பிட்டு நான்கு கேள்வி கேட்க எழுந்தேன். அவள் என் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.