நீலாவதி வீட்டு ஷிட்சு

எங்கள் தோட்டத்தில் நாய் என்றால் அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும். குரங்கை விரட்ட வேண்டும்; காட்டுப்பன்றி வந்தால் குரைக்க வேண்டும். நீலாவதி அத்தை வீட்டுக்கு வந்த நாய்க்கு இதில் ஒன்றும் தெரியாது. அது வந்த அன்றே சமையல் காஸ் தோம்பைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த ஆளின் காலடியில் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது.

“திருடன் வந்தா நாற்காலி எடுத்துப் போடும் போல,” என்றார் அத்தையின் கணவர் மணியம் மாமா.

லுக்குட் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். அத்தை அங்கே உதிரிப் பழம் பொறுக்குகிறார். மாமா ஆலைக்குக் குலை ஏற்றிப்போகும் லோரி ஓட்டுகிறார். அவர்களுடைய ஒரே மகள் ரோகினி, செனாவாங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தபோது வாங்கிய நாய் அது. ஜொகூருக்கு மாற்றலானதும் ஒரு பையில் வைத்துக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினாள்.

“மூணு மாசம்தான்மா. அங்க ரூம்ல நாய் வைக்க விடமாட்டாங்க.”

“இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்டி?”

“ஷிட்சும்மா. சீனா அரண்மனையில மடியில வச்சு வளத்த ஜாதி. மோச்சின்னு கூப்பிடு.”

“மொச்சையா? கத்திரிக்கா போட்டுக் கொழம்பு வச்சிரலாம் லா,” என்றார் மாமா.

அத்தை அதைக் குளியலறைக்கு வெளியே சங்கிலியில் கட்டினார். எங்கள் தோட்டத்து நாய்கள் எல்லாம் அப்படித்தான் வளர்ந்தன. மதிய வெயில் ஏறியதும் சப்பை மூக்கால் மூச்சு வாங்க முடியாமல் அது திணறியதைப் பார்த்துப் பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். “செத்துகித்துப் போச்சுன்னா அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது?” சிமெண்டுத் தரையில், காற்றாடிக்குக் கீழே, பின்னங்கால்களைத் தவளைபோல் விரித்துப் படுத்துக் குறட்டை விட்டது மோச்சி. அதன் பிறகு சங்கிலி கொடியில் தொங்கியது.

மற்ற நாய்களுக்கு முடி ஓரளவோடு நின்றுவிடும். இதற்கு நிற்காது, பெண்பிள்ளைகளின் தலைமுடிபோல வளர்ந்துகொண்டே போகும். குழம்புச் சோறு போட்டால் பாதி மீசையில் ஒட்டிக்கொள்ளும். காலையில் கண்ணோரம் ஈரத் துணியால் துடைக்காவிட்டால் கறை கட்டிவிடும். அத்தை ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டார். சீப்பால் வாரி, கண்ணில் விழும் முடியை உச்சியில் ரப்பர் போட்டுக் கட்டினார். அவர் சமையலறைக்குப் போனால் அது பின்னால் போகும். கழிப்பறைக்குப் போனால் கதவருகே உட்கார்ந்திருக்கும். தன்னை இப்படிச் சுற்றிவர இந்த வீட்டில் ஒருவரும் இருந்ததில்லை என்று ஒருநாள் என் அம்மாவிடம் சொன்னார்.

மூன்று மாதம் கடந்தது. ஓர் ஆண்டும் ஆயிற்று. முன்பெல்லாம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் தலைகாட்டிய ரோகினி இப்போது மாதந்தோறும் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “மோச்சி!” என்றுதான் கத்துவாள். அத்தை கரண்டியோடு வந்து கொஞ்சம் தள்ளி நின்று, அவர்கள் கொஞ்சி முடிக்கும் வரை காத்திருப்பார்.

“என்னையப் பாக்கவா வர்றா? அதப் பாக்க வர்றா,” என்றார் என் அம்மாவிடம். “வர்றால்ல. போதும்.”

அந்தத் தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ரோகினி போன் செய்தாள். தோழியோடு சேர்ந்து தனி வீடு எடுத்துவிட்டாளாம். தீபாவளிக்கு வரும்போது மோச்சியைக் கூட்டிப்போகிறாளாம்.

“ம்ம். நல்லதும்மா,” என்றார் அத்தை.

தீபாவளியன்று விடியலில் அத்தை நல்லெண்ணெயைக் காய்ச்சி மாமாவின் தலையில் வைத்தார். பிறகு மோச்சியை மடியில் கிடத்தி, உச்சியிலிருந்து வால்வரை அழுத்தித் தேய்த்தார். பண்டிகையன்று வீட்டைவிட்டுப் போகிற பிள்ளையை எண்ணெய் வைக்காமல் எப்படி அனுப்புவது? ஊறவைத்துச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினார். அந்த அடர்ந்த முடி எண்ணெயை விடவில்லை. சீயக்காய்த்தூளும் உள்ளே சிக்கிக்கொண்டது. காயக் காய முடி கயிறு கயிறாகத் திரிந்தது. சீப்பு வைத்தால் நாய் வலியில் கத்தியது. சட்டி கழுவும் சோப்பைப் போட்டுப் பார்த்தார், இன்னும் மோசமானது.

முன்கூடத்தில் விருந்தாளிகள் முறுக்குத் தின்றுகொண்டிருக்க, அத்தை புதுச்சேலையோடு பின்கட்டில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் வெட்டினார். நான் போய் நாயைப் பிடித்துக்கொண்டேன். வெட்ட வெட்ட அது சிறுத்துக்கொண்டே போனது. கடைசியில் எலும்பு தெரிகிற ஒரு சின்ன உடம்புதான் மிஞ்சியது.

“இவ்ளோதானா நீ?” என்றார் அத்தை.

மோச்சியை அனுப்ப மனமில்லாமல் வேண்டுமென்றே செய்தார் என்று லயத்து வீடுகளில் சிலர் பிற்பாடு சொன்னார்கள். தோலில் பட்டுவிடக் கூடாதென்று ஒவ்வொரு வெட்டுக்கும் முன் அவர் விரலை உள்ளே கொடுத்துப் பார்த்ததை அவர்கள் பார்க்கவில்லை.

பிற்பகலில் தோழியின் காரில் வந்திறங்கிய ரோகினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்னம்மா பண்ணி வச்சிருக்க?”

“எண்ணெ வச்சேன். நல்ல நாளும் அதுவுமா…”

“நாய்க்கு யாராச்சும் எண்ணெ வைப்பாங்களா!”

“நல்லவேள, நெத்தியில பட்டை போடாம விட்டா லா உங்கம்மா,” என்றார் மாமா.

ரோகினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அத்தைக்குத் துணிவு வந்தது போலிருக்கிறது. “முடி வளர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டுமே,” என்றார், மிகவும் மெல்ல.

“முடிக்காகவாம்மா அத வளக்குறேன்? ஒரு சட்ட வாங்கிப் போட்டுக்கிறேன்.”

கிளம்பும்போது அத்தை கார் சன்னலைப் பிடித்துக்கொண்டார். காலையில் அதன் கண்ணைத் துடைக்கச் சொன்னார். மதியத்தில் வெளியே விடாதே என்றார். “தெரியும்மா, நான் வாங்குன நாய்தானே,” என்றாள் ரோகினி. மோச்சி அவள் மடியில் சுருண்டு கண்ணை மூடியிருந்தது.

“மறுபடி எப்பக் கொண்டாருவ அத?”

“பாக்கலாம்மா. லீவு கெடைக்கணும்.”

அடுத்த மாதம், அவள் வழக்கமாக வருகிற சனிக்கிழமை, அத்தை வேலைக்குப் போகவில்லை. பாசாரில் கோழி வாங்கி வந்து அறுத்துக் கழுவிக்கொண்டிருந்தார். மாமா எட்டிப் பார்த்தார்.

“வர்றேன்னு சொன்னாளா?”

அத்தை மஞ்சள்தூளை அள்ளிப் போட்டுப் பிசறினார்.

“வரலேன்னும் சொல்லலியே.”