வாசலில் மறித்த அம்மா

எங்கள் அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களுக்கு அம்மாவின் குணத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர் கையால் ஒரு வாய் சாப்பிடாதவர் உங்களில் யாரும் இருக்க முடியாது. அதனால் மகள் நான் செய்த ஒரு தப்பையும் இதில் எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "எழுது. அம்மாவுக்குக் கோவம் வராது" என்றார்.

அம்மா பிறந்தது விருதுநகருக்குத் தெற்கே ஒரு மானாவாரி ஊரில். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பருத்தி எடுக்கப் போனார். நாரணாபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு பட்டாசுக் கம்பெனி வேலை. அப்பா சீக்கிரமே போய்விட, எங்கள் இருவரையும் வளர்த்தது அந்த வேலைதான். பக்கத்து அறையில் பிடித்த தீயில் தோழியைப் பறிகொடுத்த மறுவாரமும் அம்மா வேலைக்குப் போனார். போகாமல் எப்படி இருக்க முடியும்?

நைலக்ஸ் சேலை கட்டக் கூடாது, கொண்டை ஊசி கூடாது, அறைக்குள் நுழையுமுன் வாசலில் இருக்கும் செப்புத் தகட்டைத் தொட வேண்டும் என்று வேலைக்குச் சேரும் பெண்கள் கடகடவென்று ஒப்பிப்பார்களாம். அம்மாவுக்கு அது போதாது. "ஒப்பிச்சிட்டீக. எதுக்குன்னு சொல்லுங்க பாப்போம்" என்பாராம். நைலக்ஸ் உடம்பில் உரசினால் பொறி கிளம்பும், தகட்டைத் தொட்டால் உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கிவிடும் என்று அவர்கள் புரிந்து சொல்லும்வரை விடமாட்டார். விடுமுறை நாளில் நான் தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுபோனால், கம்பெனி கேட்டுக்கு வெளியிலேயே கையை நீட்டி மறிப்பார். "அங்கனயே நில்லு. இதென்ன நைலக்ஸ் பாவாடை?" சாப்பாட்டை வாங்கிக்கொண்டு, முதலில் என்னைத் திருப்பி அனுப்புவார்.

நான் படித்து ஆசிரியை ஆனேன். பிள்ளைகள் நினைவில் வைத்திருப்பதற்கு மதிப்பெண் போடும் வேலை.

அம்மாவுக்கு மறதி நோய் வந்தது. முதலில் கிழமை போயிற்று, பிறகு அடுப்பில் வைத்த பால், கடைசியில் என் பெயர். சனிக்கிழமைதோறும் பள்ளி முடிந்ததும் விருதுநகரில் பஸ் ஏறி, அம்மா இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவேன். வந்ததும் தேர்வுதான். "நான் யாரு, சொல்லும்மா." என் கல்யாணப் படத்தைக் காட்டுவேன். "யாருத்தா நீக? ஆஸ்பத்திரிலருந்தா வாரீக?" என்று அம்மா மரியாதையாகக் கேட்பார். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை.

ஆனால் எந்த அறைக்குள் நுழைந்தாலும் செப்புத் தகட்டைத் தொடுவதுபோலக் கதவு நிலையை உள்ளங்கையால் தொட மட்டும் அவர் மறந்ததில்லை. அது பழகிய கையின் வேலை, அறிவு எப்போதோ போய்விட்டது என்று நினைத்தேன். பெற்ற மகளையே தெரியாதவருக்கு வேறென்ன தெரிந்திருக்கும்?

ஒரு சனிக்கிழமை, வாசலிலேயே கையை நீட்டி மறித்துவிட்டார். "அங்கனயே நில்லு. உள்ள வராத." நான் கட்டியிருந்த பாலியஸ்டர் பூனம் சேலையின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். தெருவே பார்த்தது. அடுத்த வாரமும் அப்படியே. அழுதுகொண்டே திரும்பினேன். பிறகு வருவதைக் குறைத்துக்கொண்டேன். விடைத்தாள் திருத்தணும், கால் வலிக்கிறது என்று சாக்குக்கா பஞ்சம்? கடைசி இரண்டு மாதத்தில் நான் வந்தது இரண்டே முறை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் மதினி சொன்னார். "ஊசி போட வந்த நர்ஸம்மா, பக்கத்து வீட்டு ஆளுக, ஏன் நானுந்தான், எம்புட்டுப் பேரு பூனம் சேலையோட உள்ள வந்து போனோம். ஒருத்தரையும் அத்தை மறிக்கல. ஒன்னய மட்டுந்தான் மறிச்சாக. 'பிள்ளை நைலக்ஸக் கட்டிட்டு உள்ள வாராளே'ன்னு நீ போனப்புறமும் அழுதாக. சொல்லலாம்னா நீ போனையே எடுக்கல, வந்தப்பவும் நின்ன கால்ல ஓடிட்ட."

என் பெயரும் முகமும் அம்மாவை விட்டுப் போயிருந்தன. இவள் என் பிள்ளை, இவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற புரிதல் போகவில்லை. ஒப்பிக்கிறதுதான் ஞாபகம், ஞாபகம்தான் அறிவு என்று நம்பி, கேட்கக் கூடாத கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சரியான பதிலை வாசலில் வந்து சொன்னார். வாத்தியாரம்மாவுக்குத்தான் விளங்கவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை மறிக்க மாட்டாரா என்று மனசு கிடந்து ஏங்குகிறது.

கடைசிவரை குளிப்பாட்டி ஊட்டிவிட்ட மதினிக்கும், அம்மாவைத் தூக்கிச் சுமந்த அண்ணனுக்கும், வீடு தேடி வந்து பார்த்த மருத்துவருக்கும், சீசன் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த கம்பெனிப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

நினைவு நாளன்று நான் அந்தப் பூனம் சேலையைத்தான் கட்டி வருவேன். இந்த நாளில் போய் இதையா கட்டுவது என்று யாரும் கேட்க வேண்டாம். நீங்கள் எல்லோரும் உள்ளே போய் உட்காருங்கள். நான் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறேன்.