தாளுக்கு வெளியே இருந்த புக்கிட் தெங்கா

பினாங்குக்கு வருகிறவர்கள் சாப்பிட வருவார்கள், இல்லையென்றால் தண்ணீர்மலை முருகனைப் பார்க்க வருவார்கள். நானும் என் மனைவி தேன்மொழியும் கடந்த மார்ச் மாதத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனோம். தீவுக்கு எதிர்க்கரையில், பெருநிலத்தில் இருக்கும் புக்கிட் தெங்கா தொழிற்பேட்டையில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அவளுக்குத் தரக் கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். முன்பு ஒருமுறை நான் ஜொகூரிலும் அவள் கிள்ளானிலுமாக இரண்டு வருடம் வார இறுதிக் குடும்பம் நடத்தியிருக்கிறோம். "இன்னொரு தடவ அப்படி இருக்க என்னால முடியாதுங்க. வீடு சரியா அமையலன்னா இந்த வேலையே வேணாம்னு சொல்லிடுறேன்" என்று புறப்படும்போதே சொல்லிவிட்டாள். பதினோரு வருடம் காத்திருந்து வந்த பதவி அது.

என் வேலை வீட்டிலேயே நடப்பது. மாணவர் பயிற்சி நூல்களுக்குப் புவியியல் படங்கள் வரைகிறேன், மாலையில் டியூஷன் எடுக்கிறேன். அளவுகோல், திசை, குறிவிளக்கம், மக்கள் அடர்த்தி என்று நாள் முழுவதும் இதே பேச்சு. ஆகவே வீடு தேடும் பொறுப்பை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். வரைபடம் தெரிந்தவன் வீட்டில் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பது என்ற நினைப்பு.

வெள்ளி காலை கோலாலம்பூரில் ரயில் ஏறினோம். பட்டர்வொர்த் வந்து சேர நாலேகால் மணி நேரம். நிலையத்திலிருந்து கூரை போட்ட நடைபாதை வழியே ஃபெர்ரிக்கு நடந்தே போகலாம். ஆளுக்கு இரண்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். தண்ணீரில் கால் மணி நேரம்தான். கொம்தார் கோபுரம் நெருங்கி வர வர எனக்குள் சின்னப் பிள்ளை உற்சாகம். தேன்மொழி மட்டும் நாங்கள் விட்டுவந்த கரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வெயில் கண்ணில் படுகிறதோ என்று நினைத்தேன்.

முதல் வீடு ஜார்ஜ் டவுனில், கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடையின் மாடி. பாடநூல் மொழியில் சொன்னால் இது செறிந்த குடியிருப்பு. வீடுகளின் சுவர்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கின்றன, பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் நம் துணியில் மணக்கும். கீழே இறங்கினால் வெற்றிலை, பூ, நாசி கண்டார் சோறு எல்லாம் உண்டு. ஆனால் தெரு முழுக்க இப்போது தங்கும் விடுதிகள். மாடியிலிருந்து நான் எண்ணிப் பார்த்தவரை ஆட்களைவிடப் பெட்டி இழுக்கும் சத்தமே அதிகம். அடர்த்திக் கணக்கில் இந்தப் பயணிகளைச் சேர்ப்பதில்லை என்று தேன்மொழிக்கு விளக்கினேன். "அவங்கள சேத்தாலும் சேக்காட்டியும் ராத்திரி தூங்க முடியாது" என்றாள். அந்த வீடு அதோடு முடிந்தது.

மறுநாள் சனிக்கிழமை, படகுத்துறையிலிருந்து 401 எண் பேருந்தில் பாலிக் புலாவுக்குப் போனோம். ஒன்றரை மணி நேரம் ஆகிறது. சில்லறை கொண்டுபோங்கள், ஓட்டுநர் மீதி தர மாட்டார். மலையைத் தாண்டி இறங்கியதும் ஊரின் முகமே மாறிவிடுகிறது. டுரியான் தோப்பு, ஜாதிக்காய் மரங்கள், தோப்புக்கு ஒன்றாக வீடுகள். சிதறிய குடியிருப்பு என்று நான் எத்தனை தடவை வரைந்திருப்பேன், அதற்குள் நின்றது அன்றுதான். பார்த்த வீடு மரத்தூண் வைத்த பழைய வீடு, சன்னல் திறந்தால் ஜாதிக்காய் மரம். என் மேசையை எந்த மூலையில் போடுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

பிறகு சந்தைப் பக்கம் ஒரு கடையில் லக்சா சாப்பிட உட்கார்ந்தோம். நான் இரண்டு வாரமாக வரைந்துகொண்டிருந்த படத்தை எடுத்து விரித்தேன். நல்ல தாள், நல்ல மை. பார்க்கப்போகும் வீடுகள் சிவப்பு, சந்தை பச்சை, கோயில், கிளினிக், பேருந்துத் தடம், டியூஷன் பிள்ளைகள் கிடைக்கக்கூடிய பள்ளிகள் எல்லாவற்றுக்கும் குறியீடு. கீழே அளவுகோல், மேலே வடக்கு அம்பு. கொஞ்சம் பெருமையாகவே காட்டினேன்.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தை விரலால் தொட்டு வலது பக்கமாக நகர்த்தினாள். பாலத்தின் பாதியில் தாள் முடிந்துவிட்டது.

"இதுல என் பாக்டரி எங்கங்க?"

"அது இந்தத் தாள்ல வராது. பினாங்குன்னா தீவத்தானே வரைவாங்க."

"அப்ப நான் தெனமும் தாளுக்கு வெளிய போய்ட்டு வரணும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மீதி லக்சாவை என் பக்கம் தள்ளிவிட்டு, "இந்த வேலைய வேணாம்னே சொல்லிடுறேன். நீங்க கவலப்படாதீங்க" என்றாள்.

எனக்கு முகம் சுட்டது. புக்கிட் தெங்காவை நான் அடியோடு மறந்துவிடவில்லை. கைபேசியில் நேர்க்கோடு போட்டு, இருபத்திரண்டு கிலோமீட்டர் என்று பார்த்துவிட்டு மூடிவைத்திருந்தேன். நடுவில் மலை இருக்கிறது, கடல் இருக்கிறது. சம உயரக் கோடுகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்து சம்பாதிக்கிறவன் செய்கிற காரியமா இது? "வா, இப்பவே போய்ப் பாப்போம்" என்று செயலியில் ஒரு காரைக் கூப்பிட்டேன்.

காதர் அண்ணன் வந்தார். ஐம்பது வயது இருக்கும், ஜார்ஜ் டவுன்காரர். போகுமிடத்தைப் பார்த்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாலத்தத் தாண்டியா தம்பி? இந்த நேரத்துலயா?"

"ஏண்ணே, ரொம்ப தூரமா?"

"நாங்க தீவுக்காரங்க பாலம் ஏறணும்னா சாப்பாடு கட்டிக்குவோம் லா. திரும்பி வர்றப்போ ஏழு வெள்ளி டோல் வேற." சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். தீவை விட்டுப் போகும்போது டோல் கிடையாது, உள்ளே வரும்போதுதான். காரில் வருகிறவர்கள் நினைவில் வையுங்கள்.

ஐந்து மணி பத்து நிமிடத்துக்குக் கிளம்பினோம். மலைப்பாதை வளைவுகளில் தேன்மொழி கண்ணை மூடிக்கொண்டாள். பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. காதர் அண்ணன் எதிர்க்கரையைக் காட்டி, "என் தங்கச்சி அங்கதான் இருக்கா, பட்டர்வொர்த்துல" என்றார்.

"அடிக்கடி போவீங்களா?" என்று தேன்மொழி கேட்டாள்.

"பெருநாளுக்குப் போவேன். அவ வா வான்னு சொல்லுவா. நான் தூரம்மா, நேரமில்லம்மான்னு சொல்லுவேன். நீ வாயேன்னா அவளும் அதையேதான் சொல்றா."

"இங்கேர்ந்து பாத்தா தெரியுதே, அண்ணே."

"தெரியுது" என்றார். அதற்குப் பிறகு அவர் வானொலியைப் போட்டுவிட்டார்.

புக்கிட் தெங்கா போய்ச் சேர ஆறு முப்பத்தைந்து ஆகிவிட்டது. இருபத்திரண்டு என்று நான் நினைத்தது சாலையில் நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு நாளுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் அவளைச் சாலையில் உட்காரவைத்துவிட்டு, நான் ஜாதிக்காய் மரம் பார்த்துக்கொண்டிருக்கத் திட்டம் போட்டிருக்கிறேன். தொழிற்சாலை வாசலில் வேலை முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தேன்மொழி இறங்கிப் போய், தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பெண்ணிடம் பேசினாள். நான் காரிலேயே இருந்தேன். இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

ஞாயிறன்று அந்தப் பெண் சொன்ன தாமான் குடியிருப்புக்கு, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் போனோம். சாலையை ஒட்டி ஒரே வரிசையில் வீடுகள். நேர்க்கோட்டுக் குடியிருப்பு என்று சொன்னால் படத்துக்குப் பொருந்தும், பார்க்க ஒன்றுமில்லை. கடல் தெரியாது. தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். வாடகை தீவைவிடக் கிட்டத்தட்ட பாதி. எனக்கு அந்த வீடு பிடிக்கவில்லை, இப்போதும் பெரிதாகப் பிடித்துவிடவில்லை.

வீடு பார்க்கப் பினாங்குக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். தீவு மாநிலத்தின் ஒரு பகுதிதான். பெருநிலத்தில்தான் அதிகம் பேர் வாழ்கிறார்கள், ஆனால் கடைகளில் கொடுக்கும் வரைபடங்களில் அவர்கள் இருப்பதில்லை. தூரத்தைக் கிலோமீட்டரில் பார்க்காதீர்கள், வேலை விடும் நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மலையைத் தாண்டுவதற்கு முன் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள்.

ரயிலுக்கு நேரம் இருந்தது. பட்டர்வொர்த் நிலையத்தில் உட்கார்ந்து, சாப்பாடு கட்டிய பழுப்புத் தாளின் எண்ணெய் படாத பாதியைக் கிழித்து, என் படத்தின் வலது ஓரத்தில் ஒட்டினேன். பாலத்தின் மீதிப் பாதியை வரைந்துவிட்டுப் பேனாவை அவளிடம் கொடுத்தேன். தொழிற்சாலைக்கு ஒரு கட்டம் போட்டாள். அந்த வரிசை வீட்டுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. பிறகு அதற்குப் பக்கத்திலேயே இன்னும் மூன்று சின்னப் புள்ளிகள் வைத்தாள்.

"இது என்ன?"

"டியூஷனுக்குப் பிள்ளைங்க. நேத்து வாசல்லயே அந்த அக்காகிட்ட கேட்டேன். அவங்க தெருவுலயே மூணு பேரு இருக்காங்களாம்."

இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்த என் படத்தில் அவளுக்கு இடமில்லை. இரண்டு நிமிடம் வாசலில் நின்றவள் எனக்கு இடம் பிடித்துவிட்டு வந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அதற்குள் அவள் கைபேசியை எடுத்து, திங்கட்கிழமைக்காகக் காத்திராமல், வேலைக்கு வருவதாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள்.