ஓடிக்கொண்டே சொன்ன ‘வாங்க’

தொண்ணூறுகளின் பிற்பகுதி. பல்லடத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, கோவையில் ஒரு பம்ப் கம்பெனிக்குத் தினமும் ஸ்கூட்டரில் போய்வந்துகொண்டிருந்தேன். தரச் சோதனைப் பிரிவில் வேலை. எதற்கும் பட்டியல் போடுகிற பழக்கம் அங்கேதான் தொற்றியது.

வெளிநாட்டில் இருந்த அண்ணன் என்ன வேண்டும் என்று கேட்டபோது, ஹெல்மெட் என்று எழுதி, டேப்பால் என் தலையைச் சுற்றி அளந்த சென்டிமீட்டர் கணக்கையும் அனுப்பினேன். நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவள். அதனால், முகம் முழுவதையும் மூடினாலும், கண்ணாடியைக் கழற்றாமல் மாட்டிக்கொள்ளத் தாடைப் பகுதியை நெற்றிக்கு மேல் தூக்கிவிடக்கூடிய ஒன்றைப் பார்த்து வாங்கி அனுப்பினார். அதன் கையேட்டைப் படித்து, ஸ்கூட்டர் பெட்டிக்குள் நாலு வரி எழுதி ஒட்டினேன்: பட்டை இறுக்கமா? தாடைப் பகுதி இரண்டு பக்கமும் ‘டக்’கென்று பூட்டியதா? முன்கண்ணாடி சுத்தமா? வண்டி ஓடும்போது தூக்கக் கூடாது.

நாலாவதில்தான் சிக்கல். எங்கள் பக்கம், சாலையில் சொந்தக்காரர்களைப் பார்த்து முகம் கொடுத்து ‘வாங்க’ சொல்லாமல் போனால் பெரிய குற்றம். ஒரே மாதத்தில் அத்தை வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஏனுங்க அண்ணி, உங்க புள்ள வேலைக்குப் போறாளா, நிலாவுக்குப் போறாளா? பஸ் ஸ்டாப்புல நின்னு நான் கையாட்டறேன், மூஞ்சியக்கூடக் காட்டாமப் போறா!”

அம்மாவின் முகம் வாடிப்போனது. மறுநாளிலிருந்து, ஓட்டிக்கொண்டே இடது கையால் தாடைப் பகுதியைத் தூக்குவேன், சிரிப்பேன், ‘வாங்க’ என்பேன், இறக்குவேன். என் கண்ணும் நாலாவது வரியைத் தாண்டிப் போகப் பழகிவிட்டது.

அன்று காலை, பாலக்காட்டுப் பக்கமிருந்து ஆடிக் காற்று எதிரே வீசியது. நூல் நூலாகச் சாரல். முன்னால் போன கோழி லாரியிலிருந்து வெள்ளை இறகுகள் கிளம்பி, என்னைச் சுற்றி மிதந்தன. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு மட்டும் கேட்டது. தண்ணீருக்கடியில் போவதுபோல் இருந்தது. பஸ் ஸ்டாப்பில் அத்தை. தூக்கினேன்.

“வாங்கத்தே!”

தூக்கிய பகுதிக்குள் காற்று புகுந்து தலையைப் பின்னால் இழுத்தது. பதறி இறக்கினேன். அது பாதியில் நின்று கண்ணை மறைத்தது. பின்னால் பஸ் ஹாரன். சாலை எங்கே என்று தெரியாத அந்த நொடி மிக நீளமாக இருந்தது. உத்தேசமாக இடப்பக்கம் ஒடித்தேன். ஓரத்து மண்ணில் சறுக்கி விழுந்தேன். பஸ்ஸின் சூடு என் காலை உரசிக்கொண்டு போனது.

எழுந்து உட்கார்ந்தபோது தாடையில் ரத்தம், மூக்குக்கண்ணாடியில் ஓர் இறகு. அத்தை செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடிவந்திருந்தார்.

“உன்ற மூஞ்சியப் பாக்காட்டிப் போகுது கண்ணு! மூஞ்சி முழுசா இருந்தாப் போதும்!”

திட்டுகிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை.

தாடையில் மூன்று தையல். பட்டியலில் ஐந்தாவது வரி சேர்ந்தது: நிறுத்து, காலை ஊன்று, பிறகு முகம் காட்டு. அவசரமான நாட்களில் ஹாரன் மட்டும்தான். அதை அத்தையே சொந்தபந்தங்களுக்கெல்லாம் சொல்லிவைத்தார்: “ரெண்டு தடவ ஹாரன் அடிச்சா, அவ வாங்கன்னு சொல்றாளுங்க.”

இன்றும் வண்டியை எடுக்கும் முன் இரண்டு பக்கமும் அந்த ‘டக்’ கேட்கக் காத்திருக்கிறேன். கேட்டதும் எங்கோ ஓர் இறகு மெல்லத் தரையிறங்குவதுபோல் இருக்கும், என் மனிதர்களுக்கு நான் செய்யவேண்டிய முதல் மரியாதை முழுசாக வீடு திரும்புவதுதான் என்று மனம் சொல்லிக்கொள்ளும்.