காய்ச்சல் விட்ட பிறகு

அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, தலைக்கும் ஊற்றியாகிவிட்டது என்று அம்மா போனில் சொன்னபோது நான் பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கு கிளினிக்குக்குப் போகல. ரத்தம் எடுத்து எடுத்தே ஆளு வெளுத்துட்டாரு. நீ வேலையப் பாரு."

அப்பாவுக்கு டிங்கி, கொசு கடித்து வரும் டெங்குக் காய்ச்சல். தினமும் கிளினிக்கில் ரத்தம் சோதிக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு காய்ச்சல் முடிந்தது என்று அறிவிப்பது டாக்டர் அல்ல, தலைக்குளியல். தண்ணீர் ஊற்றி, விபூதி வைத்து, கோழி சமைத்துவிட்டால் நோயாளி பதவி காலி. டிங்கியில் மட்டும் இந்த வழக்கம் உதவாது. காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் சிலருக்கு ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும்.

கசிவு என் வேலை. ரத்தக் குழாயின் உட்பக்கம் ஒரே அடுக்குச் செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லின் ஓரத்திலிருந்தும் கேட்ஹெரின் என்ற புரதம் நீண்டிருக்கும். பக்கத்துச் செல்லிலிருந்து நீளும் அதே புரதம் அதைப் பற்றிக்கொள்ளும். அந்தப் பிடிதான் சுவர். ஆய்வுக்கூடத்தில், பிரசவத்துக்குப் பின் கிடைக்கும் தொப்புள்கொடியிலிருந்து இந்தச் செல்களை எடுத்து வளர்க்கிறோம். புரதத்துக்குப் பச்சைச் சாயம் ஏற்றினால், நுண்ணோக்கியில் ஓரமெல்லாம் அறுபடாத பச்சைக் கோடு தெரியும். பிடி தளர்ந்தால் கோடு துண்டு துண்டாகும், மேலே ஊற்றிய திரவம் கீழே இறங்கும். எவ்வளவு இறங்கியது என்று அளந்து எழுதுவேன்.

மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு கொமுட்டர் ரயில் ஏறி கிள்ளானில் இறங்கி, பண்டமாரானில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனேன். அப்பா ஹாலில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார். கையைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

"குளிச்சா சில்லுனுதான் இருக்கும்," என்றார்.

செல், புரதம், பிடி என்று எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீ சட்டியில வளக்குறியே, அது என் செல்லா?"

"இல்லப்பா. யாரோ ஒரு குழந்தையோட தொப்புள்கொடி."

"அந்தக் குழந்தைக்கு டிங்கியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன லா. நாளைக்கு செலாயாங் மார்க்கெட்டுக்கு வெங்காய லோடு இருக்கு. லோரிய யாரு எடுக்கிறது, உன் புரோட்டீனா?"

ஆபத்து அறிகுறிகளை வரிசையாகக் கேட்டேன். வயிற்று வலி: கொஞ்சம், ஆனால் அது பசி. வாந்தி: ஒரு தடவை, ஆனால் பப்பாளி இலைச் சாறு குடித்தால் யாருக்கும் வரும். கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனீர்கள்?

அப்பா டிவியைப் பார்த்தார். டிவி ஓடவில்லை. பிறகு சமையலறை வாசலில் நின்ற அம்மாவிடம், "காலையில," என்றார்.

"காலையிலயாம்," என்றார் அம்மா என்னிடம்.

"விடியறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அம்மா அதை அப்பாவிடம் கேட்டார்.

"முன்ன."

அப்போது மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டியிருந்தது. அம்மா உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"அவ்ளோ இளநி குடிச்சாரே. எங்க போச்சு எல்லாம்?"

"குழாய விட்டு வெளிய போவுதும்மா. வயித்துல, நெஞ்சுல போய்த் தேங்கும். உள்ள ரத்தம் கெட்டியாயிரும்."

"என்னங்க, எந்திரிங்க."

"கோழி?"

"கோழி எங்கயும் ஓடாது. எந்திரிங்க."

எழுந்தார். எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு லோடு பற்றிப் பேசவில்லை.

கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முந்தைய நாளைவிடக் கெட்டியாகியிருந்தது. ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே கையில் ஊசி குத்தி ட்ரிப் ஏற்றினார்கள்.

"விட்டுப்போன பிடிய ஒட்ட வைக்க மருந்து போட்டுட்டாங்களா?" என்று அம்மா கேட்டார்.

"அப்படி ஒரு மருந்து இல்லம்மா. இது உப்புத் தண்ணி. கசியக் கசிய ஊத்தணும். ரெண்டு நாள்ல செல்லுங்க தானா புடிச்சிக்கும்."

"நிச்சயமா?"

"பெரும்பாலும்."

இப்படிப்பட்ட சொல்லுக்காகவா இவளை இவ்வளவு படிக்க வைத்தோம் என்பதுபோல என்னைப் பார்த்தார். என்னிடம் வேறு சொல் இல்லை. அப்பாவின் உள்ளே கோடு எத்தனை துண்டாகியிருக்கிறது என்று பார்க்க வழியில்லை. வெளியே இருந்து பார்த்தால் ஒரு மனிதர் போர்வைக்குள் சும்மா படுத்திருந்தார். நானும் அம்மாவும் அந்தச் சும்மாவைப் பார்த்துக்கொண்டு மாறி மாறி உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் மதியம் அப்பா ஒன்றுக்குப் போகக் குடுவை கேட்டார். நர்ஸ் அளந்து எழுதிக்கொண்டு, "பாகுஸ், அங்கிள்," என்று மலாயில் பாராட்டினார். அம்மா வராந்தாவுக்குப் போய் பந்திங்கிலிருக்கும் சித்திக்குப் போன் செய்து அளவைச் சொன்னார். பிறகு மாமாவுக்கு. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "ஊருக்கே சொல்லு," என்றார்.

மாலை ரத்த முடிவு வந்தது. கெட்டி குறைந்திருந்தது. கசிவு நின்றதும் வெளியே போன தண்ணீர் குழாய்க்குத் திரும்பும். அப்போதும் ஊற்றிக்கொண்டிருந்தால் நுரையீரலில் தேங்கும். நர்ஸ் வந்து ட்ரிப்பின் வேகத்தைக் குறைத்துவிட்டுப் போனார்.

"ஏன் குறைக்கிறாங்க?" என்றார் அம்மா. "காசு கட்டலங்கறதாலயா?"

"புடிச்சிக்கிச்சும்மா," என்றேன்.