நாலாவது ஆள்

பண்டாரவளைச் சந்தையில் மயில்வாகனத்தைத் தெரியாத விவசாயி கொடுத்து வைத்தவன். மனிதர் போஞ்சிக்காய் வியாபாரி. வாயில் வெற்றிலை, காதில் பேனா, முகத்தில் எப்போதும் இழவு வீட்டுக்குப் போய்வந்த களை. வெலிமடைப் பக்கத்திலிருந்து ஒருவன் நாலு மூட்டை போஞ்சியை இறக்கினால் இவர் கிட்டவே போகமாட்டார். முதலில் மூட்டை தூக்கும் நிமலனை அனுப்புவார். விவசாயி கிலோ இருநூறு என்றால் நிமலன் நூற்றைம்பதுக்குக் கேட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போவான். அடுத்து உருளைக்கிழங்குக் கடை ஷப்ராஸ் வந்து நூற்றிமுப்பது. அடுத்து தராசுக்காரன் கணபதி, "இந்த முத்தலுக்கா?" என்று ஒரு காயை முறித்துப் போட்டு நூற்றிப்பத்து. கடைசியில் லொறிக்காரன் ரிஷி. அவன் விலையே கேட்கமாட்டான். மூட்டையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போவான். நாலாவது ஆளோடு விவசாயிக்கு வயிறு கலங்கிவிடும். அப்போது மயில்வாகனம் மெதுவாக வந்து நூற்றிருபது என்பார். அந்த அப்பாவி கையெடுத்துக் கும்பிட்டுக் கொடுத்துவிட்டுப் போவான். இதில் இவருக்குப் பெருமை வேறு!

இப்பேர்ப்பட்ட சூரருக்கு ஐம்பத்திரண்டு வயதாகியும் சொந்த வாசற்படி கிடையாது. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மனைவி பூவம்மா கொழுந்து பறிப்பதால் கிடைத்த லயக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில்தான் குடித்தனம். லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கே யாருக்காவது ஞாபகம் வருகிற நாளில், காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டில் வைத்துப் பேர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். மகள் சிவானுஜாவுக்கு அரசாங்க வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்து, பதினொரு நாள் அந்த ஆபீசில் தூங்கியது. பூவம்மா கைக்கு அது வந்தபோது பரீட்சை முடிந்து இரண்டு நாள்.

பூவம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் மயில்வாகனம் சமாளித்திருப்பார். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "பெருசா ஒண்ணும் வேணாங்க. தபால்காரரு கேட்டுல நின்னு எம்புள்ள பேரச் சொல்லிக் கூப்புடுற மாதிரி ஒரு வீடு. அடுத்த விண்ணப்பத்துக்கு நவம்பர் முப்பது கடைசித் திகதி. அதுக்குள்ள ஒரு விலாசம் வேணும்" என்றாள்.

"சந்தைக் கட விலாசத்தக் குடுப்போமே?"

"போஞ்சி மூட்டைக்கு நடுவுல காணாமப் போறதுக்கா?"

வீடு தேடக் கிளம்பினார்கள். வீடா அது, கொள்ளை! எல்ல ஊர்ப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கத் தொடங்கியதிலிருந்து இந்த மலைநாட்டில் ஒருவரும் வீடு விற்பதில்லை, 'வியூ' விற்கிறார்கள். ஹாலிஎலயில் ஒரு புரோக்கர், கூரையில்லாத அறையைக் காட்டி, "படுத்துக்கிட்டே நட்சத்திரம் பார்க்கலாம்" என்றார். இன்னொருவர் கோழிக்கூட்டுக்கு ஜன்னல் வைத்து வில்லா என்றார். ஜன்னலுக்கு வெளியே ஒரு மலை தெரிந்ததாம், அதற்குத் தனியாக எட்டு இலட்சம். இருநூறு வருஷமாக நம் சனம் முதுகில் கூடையோடு அந்த மலையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அது விலைபோகும் சாமான் என்று ஒரு பாவிப்பயலும் அப்போது சொல்லவில்லை.

கடைசியில் பண்டாரவளை ஓரத்தில் அஸீஸ் ஹாஜியாரின் வீடு கிடைத்தது. கொழும்பில் இருக்கும் மகனோடு போய் இருக்கப்போகிறார் அவர். எட்டு பேர்ச்சஸ் காணி, முன்னால் மூன்று அறை, பின்னால் தனி வாசலோடு இரண்டு அறை, குழாயைத் திறந்தால் தண்ணீர், கேட்டில் சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு தகரத் தபால்பெட்டி. வியூ கிடையாது, எதிரே ஒரு டயர் கடை. பூவம்மா அறைகளைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. தபால்பெட்டியின் மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுவது இலட்சம். ஒரே பேச்சு" என்றார் ஹாஜியார்.

சேமிப்பு, பூவம்மாவுக்கு வரவேண்டிய சேமலாப நிதி, பேங்க் கடன் எல்லாம் சேர்த்து எழுபதைக் கஷ்டப்பட்டுத் தொட்டுவிடலாம். அதற்குமேல் ஒரு சதமும் புரளாது. பஸ்ஸில் வரும்போது பூவம்மா சொன்னாள், "மனுசன் ஞாயமாத்தான் கேக்குறாரு. இப்பவே திரும்பிப் போயி சரின்னு சொல்லிருங்க."

"சொன்ன வெலைக்கு வாங்குனா நாளைக்குச் சந்தையில எவன் என்னைய மதிப்பான்? நீ சும்மா இரு. ஒரே வாரத்துல அறுவதுக்கு எறக்கிக் காட்டுறேன்."

எறக்கிக் காட்டினார், போங்கள்! திங்கட்கிழமை நிமலன் போய் அறுபத்தைந்துக்குக் கேட்டான். செவ்வாய் ஷப்ராஸ் போய் அறுபத்திரண்டு. புதன் கணபதி, சுவரைத் தட்டிப் பார்த்து அறுபது. வியாழன் ரிஷி போய்ப் பெருமூச்சு விட்டான். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, பூவம்மாவையும் கூட்டிக்கொண்டு மயில்வாகனம் போனார். ஹாஜியாரின் முகத்தில் வயிறு கலங்கிய அடையாளமே இல்லை. பிளேன்டீயும் இனிப்புத் தொதலும் வந்தன.

"அல்லாஹ்ட கிருபை, மயில்வாகனம். ஒரு போர்ட்கூடப் போடல்ல, நாளுக்கு ஒராள் வருது! எழுவது சொல்லி நான்தான் ஏமாந்துட்டன் போல. மகன் போன்ல ஏசுறான். இப்ப எம்பத்திரண்டு."

மயில்வாகனம் கடித்த தொதலைத் தட்டிலேயே வைத்தார். மூன்று பேர் கேட்ட விலையும் நாலாவது ஆளின் பெருமூச்சும் ஹாஜியார் காதில் விழவே இல்லை. அவர் தலையை மட்டும் எண்ணியிருக்கிறார். "அவங்க எல்லாம் நம்ம ஆளுங்கதான், ஹாஜியார்" என்று சொல்ல முடியுமா? சொன்னால் சந்தையில் பிழைப்பு நாறிப்போகும். விடைபெற்றுக்கொண்டு எழுந்தார்.

கேட்டைத் தாண்டியதும் பூவம்மா பிடித்துக்கொண்டாள். "போஞ்சி பொழுது சாஞ்சா வாடும், அதனால அவன் பயந்து குடுக்குறான். வீடு வாடுமாங்க? ஒங்க கெட்டிக்காரத்தனத்துல தீய வைக்க!" அதோடு மூன்று நாள் அவரோடு பேசவில்லை. சோற்றுக் கோப்பையை வைக்கும் சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் ரிஷி ஒரு இனிப்புப் பெட்டியோடு சந்தைக்கு வந்தான். "எடுத்துக்குங்க அண்ணே. ஹாஜியார் வீட்ட நானே எடுத்துட்டேன். பெருமூச்சு விடத்தான் போனேன். அவரு குழாயத் தொறந்து காட்டுனாரு, அப்படியே வீடியோ கோல்ல இத்தாலியில இருக்குற அக்காவுக்குக் காட்டுனேன். ஒடனே பணம் போட்டுட்டா. ஒங்களாலதான் அண்ணே இந்த வீடே எனக்குத் தெரியும்!"

மயில்வாகனம் ஒரு லட்டை எடுத்தார். எடுக்காவிட்டால் அவர் தோற்றது சந்தை முழுக்கத் தெரிந்துவிடும் அல்லவா? வயிறு எரிய எரிய அதைத் தின்று முடித்தார்.

நவம்பர் இருபத்தெட்டாம் திகதி பூவம்மாவே வீட்டுப் பேச்சை எடுத்தாள். "ரிஷி பின்பக்கத்து ரெண்டு ரூமையும் வாடகைக்கு விடப்போறானாம். வாங்க. அங்க வந்து நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

ரிஷி இருபத்தையாயிரம் என்றான். பழக்கதோஷம், மயில்வாகனத்தின் வாய் தானாகத் திறந்து "பதினைஞ்சு" என்றது. பூவம்மா முறைப்பதற்குள் கேட் கிறீச்சிட்டது. நிமலன் உள்ளே வந்தான். "ரூம் இருக்காமே? இருபத்தாறு தாரேன்" என்று தன் செருப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டு, உதட்டைப் பிதுக்காமல் போனான். ஐந்து நிமிடத்தில் ஷப்ராஸ் வந்து இருபத்தெட்டு. பின்னாலேயே கணபதி. அவன் விலை பேசவே இல்லை. அறையை எட்டிப் பார்த்து, "அடடா, என்னா ரூமு!" என்று மட்டும் சொல்லிவிட்டு மயில்வாகனத்தின் கண்ணில் படாமல் நழுவினான்.

அவருக்குத் தெரியாதா? அவர் வளர்த்த கிடாக்கள் அல்லவா! ரிஷி வேலையைத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறான், அவ்வளவுதான். ஒவ்வொருவன் வாயிலும் என்ன வார்த்தை வரும் என்றுகூட அவரால் சொல்லமுடியும். ஆனாலும் வெலிமடைக்காரன் போஞ்சி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று விழித்த விழி இப்போதுதான் அவருக்கு விளங்கியது. பூவம்மா கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பிடித்துக்கொண்டு தபால்பெட்டியையே பார்த்தபடி நின்றாள். நாலாவது ஆள் வருகிறானா என்று மயில்வாகனம் கேட்டைப் பார்த்தார். யாரையும் காணவில்லை.

"முப்பது தாரேன், ரிஷி" என்றார்.

பூவம்மா அங்கேயே படிவத்தை மதிலில் விரித்து, கணவன் காதிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி விலாசத்தை எழுதினாள்.

தை பிறந்து பத்தாம் நாள் கேட்டில் சைக்கிள் மணி அடித்தது. "மயில்வாகனம் சிவானுஜா!" என்று தபால்காரர் கூப்பிட்டார். முன் வீட்டிலிருந்து ரிஷி எட்டிப் பார்த்து, "அது பின்னாடி வாடகைக்கு இருக்குறவங்க" என்றான். அதற்குள் பூவம்மா ஈரக்கையோடு ஓடிவந்துவிட்டாள். கடிதத்தை நீட்டினார் தபால்காரர். அவள் உடனே வாங்கவில்லை.

"இன்னொருக்காப் பேரச் சொல்லிக் கூப்புடுங்க, ஐயா" என்றாள்.